நடுகல் குரூப்பில் புகுந்த ஸ்பேமை வெளியே தள்ளிய அனுபவம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடுகல், அதாவது வீரச்சாவு அடைந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட நினைவுக்கல், தேடி அலைகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மெயில் குரூப் வைத்திருக்கிறோம். ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர், மாந்தோப்புக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள். வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ சுருங்கித்தான் போய்ச் சேரும். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அரசன் பெயருக்கு முன்னால் வரும் 'கோவிசைய' என்று தொடங்கும் தேய்ந்துபோன வரியைப் படிக்க, சாய்வெயிலில் எடுத்த படத்தில் ஒரு கீறல்கூட விடுபடக் கூடாது. ஜிமெயிலில் 25 எம்பி வரை படம் அப்படியே போகும். யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டபோது, எங்கள் மூத்தவர்கள் பழைய மெயில்களை எல்லாம் கணினியில் இறக்கி வைத்துவிட்டு கூகுள் குரூப்ஸில் மறுபடி தொடங்கினார்கள். ரோடு அகலப்படுத்தியதில் காணாமல் போன கற்களின் படங்கள் அந்தச் சேமிப்பில் மட்டும்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஸ்பேம் வந்து விழ ஆரம்பித்தது. முதலில் உடனடிக் கடன், வீட்டிலிருந்தே வேலை, கிரிப்டோ என்று வழக்கமான குப்பை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உறுப்பினர்கள் குரூப் மெயிலைத் திறப்பதையே குறைத்துவிட்டார்கள். பாலக்கோட்டுக்காரர் ஒருவர் அரைகுறையாகத் தெரியும் ஒரு எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். பதில் தெரிந்த இரண்டு பேர் குரூப்பில் இருந்தும் அந்த மெயிலை அவர்கள் பார்க்கவே இல்லை. அதுதான் என்னை உட்கார்ந்து வேலை பார்க்க வைத்தது.

நிர்வாகப் பொறுப்பு கைக்கு வந்ததும் செட்டிங்ஸைப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் மெயில் போடலாம், உரையாடல்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்று இருந்தது. நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு. ஆனால் ஸ்பேம் அனுப்புகிறவர்களின் நிரல்கள் இப்படித் திறந்து கிடக்கும் பக்கங்களைத் துழாவித்தான் முகவரிகளைச் சேகரிக்கின்றன. பார்வையை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று உடனே மாற்றினேன். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

மெயில் போடுவதையும் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடு, தொல்லை தீர்ந்தது என்றார்கள் பலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்களுக்குப் புதுக் கல் பற்றிய செய்தி வருவதே முகம் தெரியாதவர்களிடமிருந்துதான். மாடு மேய்க்கிறவர் பார்ப்பார், வயல்காரர் பார்ப்பார், ஊரில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் கல்லை லீவுக்கு வந்த பேரன் படம் எடுப்பான். அவர்கள் குரூப்பில் சேர்ந்து, அனுமதி வாங்கி, அப்புறம் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் நடுவழி ஒன்றை எடுத்தோம். உறுப்பினர் அல்லாதவர்கள் எழுதலாம், ஆனால் நிர்வாகிகள் பார்த்து விட்ட பிறகுதான் அது குரூப்புக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களின் மெயில்களுக்கும் அதே விதி. ஸ்பேம் என்று சந்தேகம் வருவதைத் தானாகத் தள்ளிவிடாமல், எங்கள் பார்வைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறோம். சேர விரும்புகிறவருக்கு நாங்களே ஒரு கேள்வி அனுப்புவோம்: 'உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேடியப்பன் கோயில் எங்கே இருக்கிறது?' இந்த மண்ணில் கால் வைத்தவர் இதற்கு ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். ஸ்பேம்காரனிடமிருந்து பதிலே வராது.

நிறுத்தி வைத்தவற்றைப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் ஒருநாள் அந்தக் குப்பைக்கு நடுவே தலைப்பே இல்லாத மெயில் ஒன்று கிடந்தது. 'sir' என்பதைக்கூடத் தமிழில் 'சார்' என்று அடித்து, 'எங்க கொல்லைல இருக்கு, இது என்ன கல்லு' என்று ஒரே வரி. அரூர்ப் பக்கத்துப் பையன். படத்தைப் பெரிதாக்கினேன். பாதி மண்ணில் புதைந்த பலகைக்கல். வீரனின் வலக்கையில் குறுவாள், இடக்கையில் வில். மண்ணை ஒட்டி, காலருகே கெண்டி (மூக்கு வைத்த பாத்திரம்) ஒன்றின் மூக்கு மட்டும் தெரிந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டியிருந்தால் அந்தப் படம் எங்களிடம் வந்தே இருக்காது.

இதற்கு அப்புறம்தான் பெரிய சிக்கல். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவரின் பெயரில், நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பற்றிய மெயிலுக்கே பதிலாக, 'புதுப் படங்கள் இதில்' என்று ஒரு லிங்க் வந்தது. அவர் உறுப்பினர் என்பதால் தடையில்லாமல் உள்ளே போய்விட்டது. போன் போட்டேன். "நான் எங்கப்பா அனுப்பினேன்? தூங்கிட்டு இருந்தேன்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். பெயர் மட்டும் அவருடையதாக இருந்து, பின்னால் உள்ள முகவரி வேறாக இருந்தால், யாரோ அவர் பெயரைப் போட்டுக்கொண்டு எழுதுகிறார்கள். அவர் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் முகவரியும் அவருடையதே. அனுப்பிய மெயில்கள் இருக்கும் பகுதியைத் திறக்கச் சொன்னேன். அந்த மெயில் அங்கேயும் இருந்தது. அப்படியானால் கணக்குக்குள்ளேயே ஆள் புகுந்திருக்கிறான்.

அவர் எழுதுவதை முதலில் குரூப்பில் நிறுத்தி வைத்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்தோம். பாஸ்வேர்டை மாற்றினோம், தெரியாத சாதனங்களை எல்லாம் வெளியேற்றினோம், இரண்டு கட்டச் சரிபார்ப்பை வைத்தோம். பலர் இதோடு எழுந்துவிடுகிறார்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதியையும், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பகுதியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அவருடைய ஃபில்டரில், குரூப்பிலிருந்து வரும் பதில்களை எல்லாம் நேராகக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் விதி ஒன்று இருந்தது. 'சார், உங்க அக்கவுண்ட்ல என்னமோ ஆகியிருக்கு' என்று குரூப்பில் நாலு பேர் எழுதியும் அவர் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான். அந்த விதியை அழித்தோம்.

குரூப்பின் பக்கத்திலிருந்து ஒரு மெயிலை நீக்கினாலும், உறுப்பினர்களின் இன்பாக்ஸில் போய் விழுந்தது அப்படியே கிடக்கும். அதனால் லிங்கைத் தொடாதீர்கள் என்று தனி மெயில் போட்டேன். வயதானவர்களுக்கு போனிலும் சொன்னோம். ஆனாலும் ஒருவர் அதைத் தொட்டு, அது நிறுவச் சொன்ன ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் ஃபைல்) போனில் நிறுவியும்விட்டார். உடனே நெட்டை அணைக்கச் சொல்லி, வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசி கணக்கை முடக்கினோம். பணம் போகவில்லை. போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். சைபர் கிரைம் புகார் இணையதளத்திலும் பதியலாம்.

இன்னொன்று. ஸ்பேம் வந்தால் 'என்னை நீக்குங்கள்' என்று எல்லோருக்கும் பதில் போடாதீர்கள். உங்கள் பதிலோடு சேர்ந்து அந்த லிங்க்கும் மறுபடி எல்லோருக்கும் போகிறது. ஸ்பேம் என்று குறித்துவிட்டு, நிர்வாகியிடம் தனியாகச் சொன்னால் போதும்.

இப்போது ஓசூரில் ஒருவர், தருமபுரியில் ஒருவர், நான் என்று முறை வைத்துக்கொண்டு பார்க்கிறோம். அடுத்த மாதம் முதல் ஊத்தங்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி சேர்கிறார். அவரிடம் சொல்லியிருப்பது இதுதான்: தலைப்பு இல்லை, எழுத்துப்பிழை இருக்கிறது, அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை என்பதற்காக எதையும் தள்ளிவிடாதே, லிங்க் இருந்தால் தொடாதே, படம் இணைத்திருந்தால் முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு முடிவு செய், சந்தேகமாக இருந்தால் எங்களில் ஒருவருக்கு போன் போடு.