ஐசிஎல் வைப்பதற்கு முன்: இரண்டு யூபிஎம் அல்ட்ராசவுண்ட் கருவிகளில் கண்ணை அளந்த அனுபவம்

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 11, இடது கண்ணில் மைனஸ் 10.5. லேசிக் செய்யக் கருவிழியின் (கார்னியா) தடிமன் போதாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த வழி ஐசிஎல். அதாவது, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸுக்குப் பின்னால், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால், இன்னொரு மெல்லிய லென்ஸை வைப்பது. இதில் பவர் கணக்கு பெரிய பிரச்சினை இல்லை. தலைவலியெல்லாம் நீளத்தில்தான். எனக்குச் சொன்ன ஈவோ ஐசிஎல் 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என்று நான்கே நீளங்களில் வருகிறது. நம் கண் எந்த அளவில் இருந்தாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

நீளம் கூடிவிட்டால் லென்ஸ் முன்பக்கம் வளைந்து ஐரிஸைத் தள்ளும், கண் அழுத்தம் ஏறலாம். குறைந்துவிட்டால் சொந்த லென்ஸை மிகவும் நெருங்கிக் கண்புரைக்கு வழி செய்யலாம். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வால்ட் என்கிறார்கள். பொதுவாக 250 முதல் 750 மைக்ரானுக்குள் இருந்தால் நல்லது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு அளவெடுப்பு.

ஐசிஎல்லின் ஓரங்கள் போய் உட்காரும் இடம் ஐரிஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிலியரி சல்கஸ் என்ற பள்ளம். வெளியிலிருந்து கருவிழியின் அகலத்தை அளந்து அதை ஊகிப்பது பழைய வழக்கம், இன்றும் பல இடங்களில் நடக்கிறது. ஆனால் ஒரே கருவிழி அகலம் உள்ள இரண்டு பேருக்கு உள்ளே பள்ளத்தின் அகலம் வேறாக இருக்கலாம். ஓசிடி ஸ்கேன் ஒளியால் பார்ப்பது, ஐரிஸின் நிறமி அந்த ஒளியை மறித்துவிடும். ஒலி அப்படி நிற்பதில்லை, அதனால்தான் யூபிஎம் என்ற உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட். விழித்திரையைப் பார்க்கும் சாதாரண கண் ஸ்கேன் 10 மெகாஹெர்ட்ஸ் சுற்றில் வேலை செய்கிறது என்றால், இது 35 முதல் 50 வரை போகிறது. அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். 50-இல் நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. கண்ணின் முன்பகுதிக்கு அது போதும். 1990 வாக்கில் டொரோண்டோவில் பாவ்லின், ஃபாஸ்டர் குழுவினர் இதைக் கொண்டுவந்தபோது ஒரு படத்தில் 5 மில்லிமீட்டர் அகலம்தான் தெரிந்தது. இந்தப் பக்கத்துப் பள்ளத்தையும் அந்தப் பக்கத்துப் பள்ளத்தையும் ஒரே படத்தில் காட்டும் கருவிகள் பிறகு வந்தவை.

முதல் கருவியில் படுக்க வைத்தார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, இமைகளுக்கு நடுவில் ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தி, சலைன் ஊற்றி, அதற்குள் ஒலியை அனுப்பும் ப்ரோபை இறக்கினார்கள். வலி இல்லை. குளிர்ச்சியும், கண்ணை மூட முடியாத எரிச்சலும் மட்டும்தான். "அளக்காத கண்ணால மேல இருக்கிற புள்ளியையே பாருங்க" என்றார் டெக்னீஷியன். மைனஸ் 10.5 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் பத்து சென்டிமீட்டர் தாண்டினாலே எல்லாம் மங்கல். எனக்குக் கூரையே சரியாகத் தெரியவில்லை, புள்ளி எங்கே தெரிய? சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "அப்போ நேரா பார்க்கிற மாதிரி வச்சுக்கோங்க" என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. பந்தை நடுவில் வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டினால் வட்டம் சிறியதாகத்தானே வரும்? பார்வை விலகினாலோ ப்ரோப் சாய்ந்தாலோ ஸ்கேனும் நடுவை விட்டுப் போய்விடும். போதாததற்கு, சல்கஸ் முழு வட்டமும் இல்லை. பெரும்பாலான கண்களில் கிடைமட்டத்தைவிட மேல்கீழ் அளவு கூடுதல். ப்ரோப் கொஞ்சம் சுழன்றாலும் எண் மாறும். என் வலது கண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் கிடைமட்ட அளவு 11.7-இலிருந்து 12.0 மில்லிமீட்டர் வரை ஆடியது. கடைசியில் 11.8 என்று எழுதினார்கள்.

இரண்டாவது கருத்துக்காக வேறொரு மருத்துவரிடம் போனேன். அங்கே இருந்தது இன்சைட் 100 என்ற கருவி. உட்கார்ந்தபடி முகத்தை முன்னால் சாய்த்து, கண்ணை ஒரு ரப்பர் விளிம்பில் பதிக்க வேண்டும். உள்ளே சலைன் நிரம்பும். ப்ரோப் கண்ணைத் தொடுவதில்லை, கருவிழியின் வளைவை ஒட்டி வில் மாதிரி நகர்கிறது. அளக்கும் கண்ணுக்கு நேரே ஒரு வெளிச்சம் இருந்தது. மங்கலாகத் தெரிந்தாலும் வெளிச்சத்துக்கு நடு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது தவிரக் குறை இல்லை. இங்கே அதே வலது கண் 12.2. திரும்ப எடுத்தாலும் அதை ஒட்டியே வந்தது.

அப்புறம் ஒரு பயம். முதல் ரிப்போர்ட்டில் கண்ணின் முன்னறை ஆழம், அதாவது கருவிழியிலிருந்து சொந்த லென்ஸ் வரையிலான தூரம், 3.63 மில்லிமீட்டர் என்று இருந்தது, இரண்டாவதில் 3.12. ஐசிஎல்லுக்கு 2.8 அல்லது 3.0-க்குக் கீழே போகக் கூடாது என்று படித்திருந்ததால், எந்தப் பக்கம் உண்மை என்று ஒரு இரவு முழுக்க மண்டை காய்ந்தது. விஷயம் எளிது. ஒன்று கருவிழியின் வெளிப்பரப்பிலிருந்து அளந்தது, மற்றது உட்பரப்பிலிருந்து. என் கருவிழித் தடிமன் 0.49. கழித்தால் 3.14 வருகிறது. 0.02 வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஐசிஎல்லுக்கான வரம்பு உட்பரப்பிலிருந்து எடுத்த அளவுக்குத்தான். ரிப்போர்ட் கையில் வந்ததும் இதை முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆழத்தில் இரண்டு கருவிகளும் ஒத்துப்போனதற்கும், சல்கஸில் 0.4 மில்லிமீட்டர் பிரிந்ததற்கும் காரணம் உண்டு. கருவிழிக்கும் லென்ஸுக்கும் எல்லைக்கோடு படத்தில் பளிச்சென்று தெரியும். சல்கஸின் மூலையோ புகைமூட்டம், அங்கே கர்சரை எங்கே வைப்பது என்பது அளப்பவரின் கையைப் பொறுத்தது.

சரி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடலாமா? கேட்டேன். மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்றார். 12.0 எந்தக் கருவியும் முடிவாகக் கொடுத்த அளவு இல்லை. நீளம் தேர்ந்தெடுக்கும் சூத்திரங்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட கருவியின் எண்களை வைத்துக் கட்டப்பட்டவை. ஜப்பானியர் கொஜிமா குழுவின் சூத்திரம் வழக்கமான யூபிஎம் அளவுகளிலிருந்து பிறந்தது. கண் அறுவை மருத்துவர் ரெயின்ஸ்டீனின் சூத்திரம் இன்சைட் 100 அளவுகளிலிருந்து வந்தது, அதில் சிலியரி பகுதியின் உள்விட்டமும் சேரும். ஒரு கருவி எப்போதும் கொஞ்சம் கூட்டிக் காட்டினால், அந்தக் கூடுதல் சூத்திரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். எண்ணை மாற்றிப் போட்டால்தான் வம்பு. என் விஷயத்தில் அதைச் செய்தே காட்டினார்: அந்தந்த எண்ணை அந்தந்தச் சூத்திரத்தில் போட்டபோது இரண்டுமே 12.6 என்றன. இன்சைட்டின் 12.2-ஐ கொஜிமா சூத்திரத்தில் போட்டதும் 13.2-க்குத் தாவியது.

நடைமுறையில் சில விஷயங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கருவிழி அளவுகள் அதனால் மாறும். கண்ணில் தொற்றோ காயமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்ததும் மரப்பு போகும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள். எண்கள் மட்டும் போதாது, படங்களையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அளவும் எந்தக் கருவியில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

12.6 வைத்தார்கள். முதல் செக்கப்பில் வலது கண்ணில் வால்ட் 430 மைக்ரான். அடுத்த முறை 510 வந்தபோது கலங்கிவிட்டேன். லென்ஸ் நகரவில்லை, அன்று அறையில் விளக்கு குறைவு, அவ்வளவுதான். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது ஐரிஸ் ஐசிஎல்லைப் பின்னால் தள்ளி வால்ட்டைக் குறைக்கும், இருட்டில் அது திரும்ப ஏறும். இப்போது என் ஃபைலில் ஒவ்வொரு வால்ட் எண்ணுக்கும் பக்கத்தில் விளக்கு எப்படி இருந்தது என்பதையும் குறித்துத் தருகிறார்கள்.