விறகு: எடையில் ஏறும் தண்ணீர், அடுக்கில் ஏறும் காற்று

விறகை எடைக்கு வாங்கினால் அதற்குள் இருக்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். அடுக்குக் கணக்கில் வாங்கினால் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். இந்த இரண்டையும் கழித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் கைக்கு வருவது எவ்வளவு சூடு என்று புரியும். எந்த மரம் நல்ல விறகு என்ற கேள்வியெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

முதலில் தண்ணீர். அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மரத்துக்கு மரம் இது கூடும், குறையும். அப்படிப் பாதி தண்ணீராக இருக்கும் 1000 கிலோ விறகை அடுக்கி வைத்து, ஈரம் எடையில் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவிட்டால் மிஞ்சுவது 625 கிலோ. 375 லிட்டர் தண்ணீர் காற்றோடு போயிருக்கும். பச்சை விறகையும் காய்ந்த விறகையும் ஒரே விலைக்கு எடை போட்டு விற்றால் வாங்குபவருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

முழுக்க உலர்ந்த மரத்தை எரித்தால், எந்த மரமானாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 18 முதல் 20 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். பிசின் உள்ள மரங்களில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஈரம் சேர்ந்ததும் கதை மாறுகிறது. எடையில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் கிலோவுக்குச் சுமார் 14.3 மெகாஜூல், மின்சாரக் கணக்கில் சொன்னால் 4 யூனிட். 50 சதவீதம் ஈரம் இருந்தால் சுமார் 8 மெகாஜூல், அதாவது 2.2 யூனிட்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. அந்த 1000 கிலோ பச்சை விறகை அப்படியே எரித்தால் ஏட்டுக் கணக்கில் 8000 மெகாஜூல். காயவைத்து 625 கிலோவாக எரித்தால் ஏறக்குறைய 8900. தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் என்று பார்த்தால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் ஈர விறகு அடுப்பில் படுத்தும் பாடு அதைவிடப் பல மடங்கு. காரணம், தீயின் வெப்பநிலை. மரம் சூடாகும்போது அதன் உலர் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாக வெளியேறுகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். கட்டைக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. வாயு எரியாமலே புகையாகவும் தாராகவும் போய்விடும். புகைபோக்கியின் உட்சுவர் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தத் தார் அங்கேயே குளிர்ந்து படியும். பின்னொரு நாள் அது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும். ஈர விறகின் உண்மையான நஷ்டம் இந்தப் புகையில்தான் இருக்கிறது. மூச்சுக்கும் கண்ணுக்கும் வரும் கேடு தனிக்கணக்கு.

ஈரத்தைச் சதவீதத்தில் சொல்வதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் எல்லாம் தப்பாகும். மேலே நான் சொன்னது மொத்த எடையில் தண்ணீரின் பங்கு. கடையில் கிடைக்கும் ஈரமானி காட்டுவதோ உலர்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பது. 240 கிராம் துண்டு முழுக்க உலர்ந்ததும் 200 கிராம் ஆனால் போன தண்ணீர் 40 கிராம். அதை 200-ஆல் வகுத்தால் 20 சதவீதம், ஈரமானி சொல்வது இதை. 240-ஆல் வகுத்தால் 16.7 சதவீதம். ஈரமானியில் 20-க்குக் கீழே காட்டினால் விறகு எரிக்கத் தயார். 15-க்கும் 20-க்கும் நடுவில் இருப்பது மிக நல்லது. 10-க்கும் கீழே போன விறகு, அதுவும் மெல்லியதாக இருந்தால், அடைத்த அடுப்பில் சட்டென்று வாயுவைக் கக்கும். உள்ளே போகும் காற்று அதற்குப் போதாமல் கறும்புகை வரும்.

ஈரமானியைப் பலரும் கட்டையின் வெட்டுமுகத்திலோ பட்டை மீதோ குத்திப் பார்க்கிறார்கள். அங்கேதான் மரம் முதலில் காயும், அந்த எண்ணை நம்பக் கூடாது. அடுக்கின் நடுவிலிருந்து தடித்த கட்டை ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுப்பகுதியில் இழையோட்டத்தின் திசையிலேயே இரண்டு ஊசிகளும் அமையும்படி அழுத்த வேண்டும். மூன்று நான்கு கட்டைகளில் பார்த்து, இருப்பதில் அதிகமான எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் ஊசி மானி சொல்லும் எண்ணுக்கு "ஈரம்" என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கட்டை மிகக் குளிர்ந்திருந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

மானி இல்லாவிட்டால் தராசு போதும். எனக்கு அதுதான் கூடுதல் நம்பிக்கை. அடுக்கும்போதே நான்கைந்து கட்டைகளை எடைபோட்டு, எடையையும் தேதியையும் வெட்டுமுகத்தில் பென்சிலால் எழுதி, எளிதில் உருவி எடுக்கும்படி நடு வரிசையில் செருகிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். மழையில்லாத நாட்களில் அடுத்தடுத்த இரண்டு எடைகளும் மாறாமல் நின்றால் மரம் அந்த இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் (ஈரமானிக் கணக்கில்) 12 சதவீதத்துக்கு அருகே வந்து நிற்கும்; 80 சதவீதம் என்றால் 16-ஐ ஒட்டி. அதற்குக் கீழே வெளியில் எத்தனை மாதம் வைத்தாலும் இறங்காது. துல்லியமாக வேண்டுமானால் கட்டையின் நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை அறுத்து, எடைபோட்டு, 103 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, முன்சொன்ன கணக்கைப் போடலாம்.

கண்ணும் காதும் சொல்வதும் உதவும், ஆனால் அளவோடு. காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சை 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். பட்டை தானாகக் கழன்று வரும். நிறம் மங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே வரும்போதுதான் இழைகள் சுருங்கத் தொடங்கும், வெடிப்பு அதனால் வருவது. முனைகள் சில வாரங்களிலேயே அந்த நிலைக்கு வந்து வெடித்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். எரியும்போது முனையில் நுரை கட்டி 'உஸ்' என்று சீறினால் அந்த அடுக்கை இன்னும் காயவிட வேண்டும்.

காயவைப்பதில் முதல் வேலை அறுப்பதுதான், அடுக்குவது பிறகு. மரத்துக்குள் தண்ணீர் ஓடும் குழல்கள் நீளவாக்கில் இருப்பதால் குறுக்குவாக்கைவிட நீளவாக்கில் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஈரம் வெளியேறும். இரண்டு மீட்டர் தடியாகவே போட்டு வைத்த மரம் ஓராண்டு கழித்தும் நடுவில் ஈரமாக இருப்பது இதனால்தான். அடுப்பின் உள்நீளத்தைவிட 5 சென்டிமீட்டராவது குறைவாக, பொதுவாக 30 முதல் 40 சென்டிமீட்டரில் அறுத்துவிடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த உருளை எதையும் பிளக்காமல் விடக் கூடாது; பட்டை தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும். பிளந்த கட்டை 8 முதல் 12 சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். தீ மூட்ட விரல் பருமனுக்குச் சிராய்கள் தனியாக.

மரத்தை இலைகளோடு சாய்த்தால் உடனே கிளை கழிக்காமல் இலை வாடும்வரை விடலாம். இலைகள் அதுவரை தண்டிலிருந்து நீரை இழுத்து ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். செலவில்லாமல் கிடைக்கும் உலர்த்தல் அது.

பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது நல்லது. சவுக்கு, கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் காய்ந்தபின் கோடாலிக்கு மடங்காது. வெட்டுமுகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பின் மேலேயே கோடாலி விழட்டும். கணுவின் குறுக்கே வெட்டாதீர்கள். கணு ஒரு பாதியில் முழுதாகத் தங்கும்படி கோடு பார்த்துப் பிளக்க வேண்டும். மிகப் பெரிய உருளையை நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து பாளம் பாளமாகக் கழற்றிக்கொண்டு வந்தால் வேலை சுலபம். முறுக்கு இழை உள்ள கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும்தான். முழங்கால் உயரத்துக்கு மிகாத முட்டுக்கட்டை மேல் வைத்துப் பிளந்தால், குறி தவறினாலும் கோடாலி முட்டில் போய் நிற்கும், காலுக்கு வராது.

அடுக்குவதற்கு வெயிலைவிடக் காற்றே முக்கியம். தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் உயர்த்தி, செங்கல் மீது இரண்டு கழிகளைப் போட்டு அதன் மேல் ஒற்றை வரிசையாக, வெட்டுமுகங்கள் காற்று வரும் பக்கம் பார்க்க அடுக்குங்கள். இரு கோடியிலும் ஒரு படி நீளவாக்கு, அடுத்த படி குறுக்குவாக்கு என்று மாற்றி மாற்றிக் கட்டினால் அதுவே தூண் போல நின்று அடுக்கைத் தாங்கும். உயரம் 1.2 மீட்டர் போதும். காயும்போது கட்டைகள் சுருங்கி அடுக்கு சாயும், அதற்கு மேல் ஏற்றினால் சரியும். வரிசைகளுக்கு நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி. மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டு, இரு பக்கமும் ஒரு சாண் வெளியே நீள விடுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிக் கட்டுவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. மரம் விடும் ஆவி உள்ளேயே பாயில் பட்டுச் சொட்டும். பூஞ்சை பிடித்து, கட்டை மக்கத் தொடங்கும். மக்கிய மரம் எடை இழந்தது மட்டுமல்ல, பஞ்சு போல மழைநீரையும் குடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் கரையானுக்கு வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். மாவு கொட்டும் உளுத்த கட்டைகளை மர நிலை, மேசை இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். எரிப்பதற்கு அன்றன்றைக்கு எடுத்தால் போதும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது மேலிருந்து, ஒரு கோலால் தட்டிவிட்டு எடுங்கள். தேளும் பாம்பும் தங்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

எத்தனை மாதம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. பிளந்த லேசான மரம் வெப்பமும் காற்றும் உள்ள பருவத்தில் மூன்று நான்கு மாதங்களில் தயாராகிவிடும். குளிர்ந்த ஈர நாடுகளில் ஓக் போன்ற அடர்ந்த மரத்துக்கு இரண்டு ஆண்டுகூட ஆகும். தராசு சொல்வதுதான் முடிவு.

இனி அளவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'கார்ட்' என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், 128 கன அடி. மீட்டர் கணக்கில் 3.62 கன மீட்டர். இதெல்லாம் காற்றையும் சேர்த்த வெளியளவு. நெருக்கமாக அடுக்கிய பிளந்த விறகில் மரம் சுமார் 65 சதவீதம். லாரியிலிருந்து கொட்டிய குவியலில் 40 முதல் 50 சதவீதம்தான். ஆகவே 'கன மீட்டர்' என்று யாராவது சொன்னால், அடுக்கியதா கொட்டியதா என்று கேட்காமல் விலை பேசாதீர்கள். 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் கட்டை நீளம் உள்ள ஓர் அடுக்கைப் பெருக்கினால் 0.96 கன மீட்டர். அதில் 65 சதவீதம் 0.62. காய்ந்த நிலையில் கன மீட்டருக்கு 800 கிலோ உள்ள மரமானால் அடுக்கில் இருப்பது சுமார் 500 கிலோ. 400 கிலோ மரமானால் 250. அதே அடுக்கு, அதே உயரம், சூடு பாதி. உயரத்தைக் கோடிகளில் மட்டும் அளக்காமல் நடுவிலும் ஓரிடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

மரத்தேர்வு இந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடுகிறது. அடுக்குக் கணக்கில் வாங்கினால் கனமான மரம் லாபம்: சவுக்கு, கருவேலம், சீமைக் கருவேலம், புளி. தணல் நின்று எரியும், அடிக்கடி விறகு தள்ள வேண்டாம். எடைக்கு வாங்கினால் எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்தது என்பதே பெரிது. மாவும் வேம்பும் நன்றாகக் காய்ந்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலவம், முருங்கை, முள்முருங்கை எல்லாம் பற்றவைக்கவும் சட்டென்று ஒரு சுவாலை எழுப்பவும் ஆகும், தணலுக்கு ஆகாது.

எரிக்கவே கூடாதவையும் இருக்கின்றன. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. சுள்ளிகளில் ஒரு குச்சிகூடக் கலக்க வேண்டாம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், வெட்டவே போகாதீர்கள். கடலில் மிதந்து கரையேறிய மரத்தின் உப்பு அடுப்பின் இரும்பை அரிக்கும். சாயம் அடித்த பலகை, பிளைவுட், பச்சை மருந்தேற்றிய கம்பங்கள் எதுவும் வேண்டாம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்து ஏற்றிய மரத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைச் செடிக்கும் போட முடியாது. சரக்குப் பலகைகளில் 'ஹெச்டி' (HT) முத்திரை இருந்தால் சூடுபடுத்திப் பதப்படுத்தியது. 'எம்பி' (MB) இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது, அதைத் தொட வேண்டாம். முத்திரையே தெரியாதபடி சுரண்டப்பட்டிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.