ஆன்லைன் குழுவில் சேரப் போய் நான் பட்ட பாடு

லூவி பாடி டிமென்ஷியா (இல்லாத உருவங்கள் தெரிவதும் உடம்பு விறைப்பதும் சேர்ந்து வரும் ஒருவகை மறதி நோய்) உள்ள கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வயது 68. அவரை விட்டுவிட்டு வெளியே போய் நாலு பேரிடம் பேச வழியில்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கும் ஆன்லைன் குழுவைத் தேடினேன். இப்போது நல்ல குழுவில் இருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

முதலில் சேர்ந்தது ஒரு பெரிய வாட்ஸ்அப் குழு. லிங்க்கைத் தொட்டால் போதும், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். "ராத்திரி தூங்குவதில்லை, சுவரோரம் ஆள் நிற்பதாகச் சொல்கிறார்" என்று எழுதினேன். உடனே ஒருவர், தன் அம்மாவுக்குப் பலன் தந்தது என்று மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மாத்திரையை, எத்தனை மில்லிகிராம் என்பது வரை எழுதிவிட்டார். அடியில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். லூவி பாடி உள்ளவர்களுக்கு அந்த மருந்து உடம்பை விறைக்க வைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எங்கள் டாக்டர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். அதை எழுதினேன். "நல்லெண்ணத்தில் சொன்னதைக் குறை சொல்லாதீர்கள்" என்று பதில் வந்தது. அட்மின் வாயே திறக்கவில்லை.

அப்புறம் தனிச் செய்தியில் ஒருவர் வந்தார். மறதியை அடியோடு போக்கும் பொடியாம், முன்பணம் அனுப்ப வேண்டுமாம். டிமென்ஷியாவைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. இரவெல்லாம் கண்விழித்துச் சோர்ந்துபோனவர்களைத் தேடிப் பிடித்து ஏமாற்றுகிறார்களே என்று வயிறு எரிந்தது. வெளியேறினேன்.

அடுத்தது தன்னார்வலர்கள் நடத்தும் குழு, 60 வயது தாண்டிய பராமரிப்பாளர்களுக்கு மட்டும். விண்ணப்பப் படிவத்திலேயே மல்லுக்கட்டு. ஓடிபி வரும்போது அவரைக் கழிவறைக்கு அழைத்துப் போயிருப்பேன். திரும்பி வந்தால் காலாவதி. அது முடிந்தால், அவருடைய மருத்துவ அறிக்கையைப் பெயரோடு பதிவேற்றச் சொன்னார்கள். முடியாது என்று எழுதினேன். நோயின் பெயர் மட்டும் போதும் என்று இறங்கி வந்தார்கள். நீங்களும் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்பவர் தடுமாறும் வீடியோவையும் போடாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாதே.

வீடியோ சந்திப்பு மாலை 6 மணிக்கு. டிமென்ஷியா உள்ள பலருக்கும் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். பராமரிப்பாளர்களுக்கான கூட்டத்தை அந்த நேரத்தில் வைத்தால் யார் வருவது? கேட்டேன். எனக்காகவே காத்திருந்ததுபோல் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். காலை 11 மணிக்கு மாற்றினார்கள். காது மந்தமானவர்கள் லைவ் கேப்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள், பேசுவது எழுத்தாக ஓடும்.

இந்தக் குழுவில் மாத்திரைப் பெயர் சொன்னால், பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் அந்தப் பதிவை உடனே நீக்கிவிடுவார். டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்வார்கள். ஒருமுறை இவர் ஒரே நாளில் ஆளே மாறிப்போனார், என்னையே யார் என்று கேட்டார். நோய் முற்றிவிட்டது என்று அழுதுகொண்டே எழுதினேன். கணவரைப் பல வருடம் பார்த்துக்கொண்ட ஓர் அக்கா, "திடீரென்று வந்த மாற்றமா? சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள்" என்றார். சோதித்ததில் தொற்றுதான். மருந்து கொடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்கு வந்தார்.

உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்காக 2019-ல் வெளியிட்ட ஐசப்போர்ட் கையேட்டைப் பற்றியும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சேருவதற்கு முன் அட்மினிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மருந்து சொல்பவர்களை என்ன செய்வீர்கள், விற்க வருபவர்களை என்ன செய்வீர்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே உங்கள் எண்ணைக் கொடுக்க வேண்டாம்.