ரோமில் ஒரு சினிகாங்

ரோமின் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது எஸ்குவிலினோ சந்தை. ஒரு காலத்தில் வித்தோரியோ சதுக்கத்தில் திறந்தவெளியில் நடந்தது. இப்போது பக்கத்திலுள்ள பழைய ராணுவக் கட்டடத்துக்குள் நடக்கிறது. இத்தாலியர்களின் இறைச்சிக் கடைகளை ஒட்டி வங்கதேசத்தவரின் காய்கறிக் கடைகள். பாகற்காய், வெண்டை, காராமணி எல்லாம் குவிந்து கிடக்கும். ரோமில் வாழும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இந்தச் சந்தைதான் ஊர்ச் சந்தை.

என்னை அங்கே அழைத்துப்போனவர் பிலிப்பைன்ஸின் பதங்காஸ் மாகாணத்து மபினியிலிருந்து வந்த ஓர் அக்கா. மபினிக்காரர்கள் ஏராளமாக இத்தாலிக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள்; அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளால் அங்கே ஒரு சிற்றூரையே 'குட்டி இத்தாலி' என்கிறார்கள். அக்காவுக்கு வீட்டு வேலை. வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் ஓய்வு. வியாழனன்று கடை சாத்தும் நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

அன்றைக்குச் சினிகாங். பன்றி விலா எலும்பு, முள்ளங்கி, தக்காளி, கீரை சேர்த்துப் புளிப்பாக வைக்கும் சாறு. வங்கதேசக் கடையில் கட்டிப் புளி இருந்தது. எடுத்துக் காட்டினேன், அக்கா மறுத்துவிட்டார். சினிகாங் கேட்பது புளியங்காயை. பழுத்த புளி போட்டால் சாறு கறுத்து, நாக்கின் அடியில் ஓர் இனிப்பு தங்கிவிடும். புளியங்காய்த் தொக்கின் வெடுக்கென்ற புளிப்பை அறிந்தவர்கள் நாம். அக்காவின் பிடிவாதம் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

புளியங்காய்க்குப் பதிலாக எலுமிச்சம்பழம் வாங்கினார். தக்காளியை முதலிலேயே போட்டுக் கரைய வேகவைத்தார்; புளிப்புக்கு அதுதான் அடித்தளம். அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாறு. நம் எலுமிச்சை ரசத்துக்கும் இதே விதிதான்: கொதித்தால் மணம் போய்க் கசப்பு ஏறும். கங்கோங் கீரை, அதாவது இலங்கையில் கங்குன் என்று வதக்குகிறார்களே, அந்த வள்ளைக்கீரை, அன்று கிடைக்கவில்லை. பசலைக்கீரை போட்டார். சுவையில் பெரிய குறையில்லை. ஆனால் கங்கோங் தண்டு பல்லில் நறுக்கென்று கடிபடும்; அதற்கு ஈடு எதுவும் இல்லை.

இறைச்சியை வினிகரில் வேகவைக்கும் அடோபோவில் சிக்கல் அந்த வினிகர்தான். பிலிப்பைன்ஸில் கரும்பு வினிகர், தென்னை வினிகர் எல்லாம் சற்று மென்மையானவை. இத்தாலியத் திராட்சை வினிகரில் அமிலம் குறைந்தது 6 சதவீதம். அக்கா தண்ணீர் கலந்தே ஊற்றுகிறார். அது ஒரு கொதி வரும்வரை கரண்டியைத் தொடவிடமாட்டார், பச்சை வாடை தங்கிவிடுமாம். பதங்காஸ் வழக்கப்படி சோயா சாஸ் இல்லாமல் மஞ்சள் சேர்த்த அடோபோ அது. ஊரில் பச்சை மஞ்சள், இங்கே பொடி. எளிதில் கெடாது என்பதால், பிலிப்பைன்ஸ்காரர்கள் ஞாயிறுதோறும் கூடும் சாந்தா புதென்சியானா தேவாலயத்துக்கு அதைத்தான் டப்பாவில் எடுத்துப்போகிறார்.

என்னை அசர வைத்தது பினக்பெட். கத்தரி, பாகல், வெண்டை, பூசணி, காராமணிக் கூட்டு. அதற்கு உயிர் பகோவோங், நொதித்த மீன் விழுது. அக்கா அதற்குப் பதிலாக இத்தாலியர்கள் உப்பில் ஊறவைக்கும் நெத்திலியைக் கழுவி, பூண்டோடு எண்ணெயில் கரைய வதக்கினார். இலோகோஸ் பகுதியில் பகோவோங்கையே நெத்திலியில் போடுவதுண்டு. அமால்ஃபி கரையில் சேதாரா ஊர்க்காரர்கள் நெத்திலியிலிருந்து வடிக்கும் மீன்சாறும் பிலிப்பைன்ஸின் பாத்திஸும் ஒரே குடும்பம். மாற்றுப்பொருள்களில் இதற்கே என் முதலிடம். ஊரில் செய்ததென்று சொன்னால் நம்பிவிடுவேன்.

எலுமிச்சை போலப் பிழியும் சின்னப் புளிப்புப் பழமான கலமன்சிக்கு மட்டும் அக்கா எந்த மாற்றையும் ஏற்கவில்லை. எலுமிச்சையோடு மாண்டரின் ஆரஞ்சுச் சாறு கலப்பவர்கள் உண்டு. அது அவருக்கு ஒப்பவில்லை. கடைசியில் ஒரு செடி நாற்றுப்பண்ணையில் வழி கிடைத்தது. இத்தாலியர்கள் பால்கனி அழகுக்காக வாங்கும் 'கலமொந்தீனோ' சாட்சாத் கலமன்சிதான்! இப்போது அவர் ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள் நிற்கின்றன. வாங்குபவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றே: அழகுச் செடி என்பதால் மருந்து அடித்திருப்பார்கள், வரும்போதே தொங்கும் காய்களைப் பறித்து எறிந்துவிட்டு அடுத்த காய்ப்புக்குக் காத்திருங்கள்.