ஓரியூருக்குக் கொண்டுபோன நோட்டு

அப்பாவின் நேர்ச்சையை இந்த வருடம்தான் தீர்க்க முடிந்தது. "கோயில் ஒழுகாமல் நின்றுவிட்டால் ஓரியூருக்கு நடந்தே வருகிறேன், அருளானந்தரே" என்று வேண்டிக்கொண்டவர் அவர். நாங்கள் அருளானந்தர் என்று கூப்பிடும் புனித ஜான் டி பிரிட்டோ, ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த சேசு சபைச் சாமியார். கோயில் நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. அவருக்குப் பதில் நான் நடந்தேன். என்னோடு எங்கள் ஊர்க் கிளைப்பங்கிலிருந்து முப்பது பேர் நடந்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்த நேர்ச்சை இல்லை. "உங்கப்பா நேர்ந்தது நம்ம கோயிலுக்குத்தானே, அப்ப எல்லாருக்கும் கடன்தான்" என்று சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்கள் ஊர் தேவகோட்டைக்குத் தெற்கே, நாற்பது வீடு கூட இல்லாத ஊர். மாதத்தில் இரண்டு பூசை. சீமை ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவருமாக அருளானந்தர் பெயரில் ஒரு சின்னக் கோயில். பல வருடங்களுக்கு முன் யாரோ நல்ல எண்ணத்தில்தான் அந்தச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பொரிந்து பொரிந்து உதிர ஆரம்பித்தது. கூரையில் ஓடு நகர்ந்து, சட்டம் உளுத்துப்போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சாமியார் செய்வார், மறைமாவட்டம் செய்யும் என்று பேசியே வருடங்கள் போயின. போதாக்குறைக்கு, சப்பரம் யார் தூக்குவது என்று தொடங்கிய ஒரு சண்டையில் மேலத்தெருவும் கீழத்தெருவும் பேச்சை விட்டிருந்தன.

2022-இல் கூட்டொருங்கியக்கத்துக்காக, அதாவது திருஅவையில் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று திருத்தந்தை தொடங்கிய முயற்சிக்காக, பங்குகளில் மக்களிடம் கருத்துக் கேட்டார்களே, அந்தக் கூட்டம் எங்கள் கோயிலிலும் நடந்தது. உண்மையைச் சொன்னால், கேள்வித்தாளைப் பார்த்து எங்களுக்குப் பாதி புரியவில்லை. திருஅவையில் உங்கள் குரல் கேட்கப்படுகிறதா என்று ஒரு கேள்வி. யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த கீழத்தெரு அப்பத்தா எழுந்தார்.

"மழை பேஞ்சா பீடத்துல நான்தான், சாமி, சட்டி வைக்கிறேன். எங்க வீட்ல ஒழுகுனா எம்மவன் கூரையில ஏறிப் பாக்குறான். இது யாரு வீடு?"

பங்குத்தந்தை பதில் சொல்லவில்லை. எங்களைத்தான் பார்த்தார். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே பொதுநிலையினரின், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத எங்களைப் போன்றவர்களின், திருத்தூதுப் பணிக்கென்று தனியாக ஓர் ஆணை எழுதியிருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் அதைப் பற்றி எத்தனையோ வகுப்பு கேட்டிருக்கிறேன். ஆனால் அப்பத்தா கேட்ட அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு அது விளங்கியது. அப்பா வீட்டுக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் பணம் எழுதவில்லை, நாள் எழுதினார். இன்ன வீடு, ஆள்வேலை இத்தனை நாள். பணம் தர முடிந்தவர்கள் பின்னால் எழுதிக்கொண்டார்கள்.

வேலையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. சிமெண்டைக் கொத்தி எடுக்கவே பல வாரங்கள் ஆயின. காரைக்குடிப் பக்கம் பழைய நகரத்தார் வீடுகளில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவர் கிடைத்தார். அவர் எங்களைப் போல வேதக்காரர் இல்லை. ஆனால் கோயிலுக்குள் ஒரு நாளும் செருப்போடு வரமாட்டார். சுண்ணாம்பை நீற்றி ஊறப்போடுவது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றி அரைப்பது, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பளபளவென்று தேய்ப்பது எல்லாம் அவர் சொல்லிச் சொல்லி நாங்கள் செய்ததுதான். முட்டை மட்டும் வீட்டுக்கு வீடு கூடை கூடையாக வந்தது. பீடத்தைச் சுற்றி மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்தோம், அதற்குத்தான் காசு இருந்தது. இரண்டு தெருக்காரர்களும் சமாதானக் கூட்டமெல்லாம் போடவில்லை. ஒருவர் சாந்துச் சட்டியை நீட்ட, எதிர்த்தெருக்காரர் வாங்காமல் எப்படி இருக்க முடியும்? அப்படித்தான் பேச்சு வந்தது.

அப்புறம் நடைப்பயணம். பிப்ரவரி 3 சாயங்காலம் ஜெபமாலையோடு கிளம்பினோம். 1693-இல் அதே பிப்ரவரி 3-ஆம் தேதிதான் அருளானந்தர் ஓரியூர்ச் சிறையிலிருந்து கடைசிக் கடிதம் எழுதினார் என்று, ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் உபதேசியார் வழியில் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் தலை வெட்டுண்ணப் போகிற மனிதர், எத்தனை அமைதியாக எழுதியிருக்கிறார்! திருவாடானை தாண்டும்போது என் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. பனி கொட்டுகிறது, கால் எரிகிறது, பின்னால் வந்த வேன்காரர் நூறு ரூபாய் கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். ஏறியிருப்பேன். மேலத்தெருப் பெண் ஒருத்தி தன் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டிவிட்டு, "உங்கப்பா வாக்கு, மதினி" என்றாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள்.

விடிகாலையில் ஓரியூர். கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! மொட்டை போட்ட பிள்ளைகளின் அழுகை, ஒலிபெருக்கி, வழி நெடுக மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ரோட்டோரம் ஒருவர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி இருபது ரூபாய் என்று கூவிக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது. அந்த மண் புனிதரின் இரத்தம் விழுந்த மண் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற எங்களிடம், அதற்கு விலை சொல்ல எப்படி மனசு வருகிறது?

செம்மண் இடத்துக்கு வரிசை ஊர்ந்து போனது. வேனில் வந்திருந்த அப்பத்தாவையும் எங்களோடு சேர்த்துக்கொண்டோம். அருளானந்தரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒரு ஜெபத்தைக் கோத்து வைத்திருந்தேன். முழந்தாளிட்டு நோட்டை அந்த மண்ணில் வைத்தேன். பின்னாலிருந்து "நகருங்க, நகருங்க" என்று தள்ளுகிறார்கள். கோத்து வைத்த ஜெபத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. நோட்டைத் திறந்தேன். அப்பாவின் கையெழுத்து. அதையே வாசித்தேன். கீழத்தெரு அப்பத்தா, ஓடு துடைத்தது ஆறு நாள். உபதேசியார் வீடு, மண் சுமந்தது பதினோரு நாள். தையல்காரர், ராத்திரிக் காவல் ஒன்பது நாள். கொத்தனார், கூலி வாங்காதது நான்கு நாள். தள்ளிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். யாரென்று தெரியாது, தொண்டர் அட்டை போட்ட இளைஞர். "வாசிங்கம்மா, முடிச்சுட்டே எந்திரிங்க" என்றார். முப்பத்தெட்டு வீட்டையும் வாசித்தேன். கடைசி வரி அப்பாவுடையது. ஏணி பிடித்தது என்று எழுதி, எத்தனை நாள் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அதுவரை அதை நான் கவனித்ததே இல்லை. ஆண்டவரே, உமக்கு எப்படி நன்றி சொல்வது? எங்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைத்தீரே!

1773-இல் சேசு சபை ஒடுக்கப்பட்டபின் இந்தச் சீமையில் சாமியார்கள் அரிதாகிவிட்டார்கள். பிரெஞ்சு சேசுசபையார் வந்துசேர 1838 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராக ஜெபம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து விசுவாசத்தைக் காத்தவர்களில் உபதேசியார்மார் எத்தனை பேர்! பூசை முடிந்து மரத்தடியில் கட்டுச்சோறு பிரிக்கும்போது எங்கள் உபதேசியார் இதைச் சொன்னார். அப்பத்தா புளிச்சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது எல்லோரும் பஸ்தான். என் பைக்குள் நோட்டு, அதன் மேலட்டையில் செம்மண் ஒட்டியிருந்தது. தேவகோட்டை நெருங்கும்போது சித்தப்பா பின்சீட்டிலிருந்து கையை நீட்டி நோட்டைக் கேட்டார். காலியாகக் கிடந்த பக்கம் ஒன்றைப் புரட்டி, மேலே "கல்லறைத் தோட்டத்துச் சுவர்" என்று தலைப்புப் போட்டார். அப்பா அங்கேதான் இருக்கிறார். கீழே தன் வீட்டுப் பெயரை எழுதி ஐந்து நாள் என்று போட்டுவிட்டு, நோட்டை முன்சீட்டில் இருந்த மேலத்தெருக்காரரிடம் நீட்டினார்.