பசங்க வழிய அடைக்கிறது சீனியர்ஸ் இல்ல

ஃபுட்பால்ல ப்ளேயர்ஸ வாங்கி விக்கிற ட்ரான்ஸ்ஃபர் விண்டோ ஒவ்வொரு தடவ வரும்போதும் ஃபேன்ஸுக்குள்ள இதே சண்டைதான். முப்பத்தஞ்சு வயசு ஆளுக்கு இன்னொரு வருஷம் காண்ட்ராக்ட் எதுக்கு, கிளப் பசங்கள வளக்கிற அகாடமில ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்ல அவன இறக்குங்கன்னு ஒரு கூட்டம். பையன் இன்னும் ரெடி ஆகல, ரெண்டு மேட்ச் சொதப்பினா மொத்தமா உடைஞ்சு போயிடுவான்னு இன்னொரு கூட்டம். ஆக மொத்தம் பெரியவரையும் சின்னவனையும் எதிரெதிரா நிக்க வெச்சாச்சு. எனக்கு இதுல ரெண்டு பக்கமும் உடன்பாடு இல்ல.

2024 யூரோ செமிஃபைனல எடுத்துக்கோங்க, முனிச்ல ஸ்பெயினும் பிரான்ஸும். ஸ்பெயினோட கார்வஹால் சஸ்பென்ஷன்ல உக்காந்துட்டதால வலது பக்க டிஃபன்ஸ்ல, அதாவது ரைட் பேக்ல, ஹெசூஸ் நவாஸ், வயசு 38. அவருக்கு முன்னாடி ரைட் விங்ல லமீன் யமால், வயசு 16. அப்பா புள்ள வயசு வித்தியாசம், ஆடுறது ஒரே சைடு, எதிர்ல பிரான்ஸோட எம்பாப்பே! ஒன்பதாவது நிமிஷமே எம்பாப்பே அந்தப் பக்கத்துல இருந்து க்ராஸ் போட்டு கோலோ முவானி தலையால முட்டி கோல் ஆக்கிட்டாரு, கொஞ்ச நேரத்துல நவாஸுக்கு யெல்லோ கார்டு வேற. முடிஞ்சுது கதைன்னு நினைக்கும்போது 21வது நிமிஷம் யமால் பாக்ஸுக்கு வெளிய நின்னு இடது கால்ல சுழட்டி விட்டது போஸ்ட்ல பட்டு உள்ள போச்சு. அடுத்த நாலு நிமிஷத்துல நவாஸ் போட்ட க்ராஸ பிரான்ஸ் சரியா க்ளியர் பண்ணல, பந்து ஓல்மோ கிட்ட வந்துச்சு, ரெண்டாவது கோல். செகண்ட் ஹாஃப்ல நவாஸ வெளிய எடுத்துட்டாங்க, அவரு வேலை முடிஞ்சுது. அந்தப் பையனுக்குப் பின்னாடி நிக்க ஒரு ஆள், அவ்ளோதான் கேட்டாங்க, அத குடுத்தாரு.

பெரியவங்களால சீசனுக்கு அம்பது மேட்ச் ஆட முடியாது. அதுவேதான் நல்லது. அவரு இருபது, இருபத்தஞ்சு மேட்ச் ஆடினா மிச்சம் இருக்கிற நிமிஷம் எல்லாம் பையனுக்குத்தான். காண்ட்ராக்டும் ஒரு வருஷம்தான், அடுத்த சம்மர்ல பையன் வளர்ந்துட்டான்னா கை குடுத்து அனுப்பி வெச்சிடலாம். வழிய உண்மையா அடைக்கிறது யாருன்னா, நடுவுல இருக்கிறவர். 27, 28 வயசு, பேக்கப்புக்குன்னு காசு குடுத்து வாங்கினவர், அஞ்சு வருஷ காண்ட்ராக்ட். குடுத்த காசுக்கு ஆட வெச்சே ஆகணும், விக்கவும் முடியாது ஏன்னா அந்த சம்பளத்த வேற எவனும் தர மாட்டான். அவரு உக்கார்ற பெஞ்ச் சீட்டுதான் அகாடமி பையனோட சீட்டு.

இத்தனைக்கும் ரூல்ஸ் எல்லாமே பசங்க பக்கம். யூஈஎஃப்ஏ, அதாவது ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம், நடத்துற கிளப் போட்டிகள்ல மெயின் லிஸ்ட்ல 25 பேர், அதுல 8 இடம் உள்ளூர்ல வளர்ந்தவங்களுக்கு, அந்த எட்டுல குறைஞ்சது நாலு பேர் சொந்த கிளப்லயே வளர்ந்தவங்களா இருக்கணும், ஆள் இல்லனா லிஸ்ட்டே சின்னதாகும். குறைஞ்சது ரெண்டு வருஷமா கிளப்லயே இருக்கிற சின்னப் பசங்கள தனி லிஸ்ட்ல எவ்ளோ பேர் வேணும்னாலும் சேத்துக்கலாம். இங்கிலாந்து ப்ரீமியர் லீக்லயும் 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்கள அந்த 25ல எழுதவே வேண்டாம். ஆனா கணக்குப் புத்தகம் வேற மாதிரி பேசுது, வாங்கின ஆளோட விலைய காண்ட்ராக்ட் வருஷங்கள்ல பிரிச்சு எழுதுவாங்க, அகாடமில வளர்ந்தவனுக்கு அந்த மாதிரி விலையே கிடையாது, அதனால வித்தா வர்ற காசு முழுக்க அந்த வருஷமே லாபம். இங்கிலாந்து கிளப் செல்சி 2023ல மேசன் மவுன்ட்ட வித்தாங்க, 2024ல கானர் கேலஹர வித்தாங்க. சின்ன வயசுல இருந்து அங்கயே வளர்ந்த பசங்க. எனக்கு இது வயித்தெரிச்சலா இருக்கு, மறைக்க விரும்பல.

1995 மான்செஸ்டர் யுனைடெட் கதைய எல்லாரும் பசங்க ஜெயிச்ச கதையாத்தான் சொல்வாங்க. இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூணு பேரையும் ஒரே சம்மர்ல அனுப்பிட்டு, முதல் மேட்ச்ல ஆஸ்டன் வில்லா கிட்ட 3-1 அடி வாங்கி, பசங்கள வெச்சு எதுவும் ஜெயிக்க முடியாதுன்னு விமர்சகர் ஆலன் ஹேன்சன் டிவில சொல்லி, கடைசில லீகும் எஃப்ஏ கப்பும் ரெண்டையும் தூக்கினாங்க. ஆனா போனவங்க வயசப் பாருங்க. இன்ஸுக்கு 27, கான்செல்ஸ்கிஸுக்கு 26, ஹியூஸ் மட்டும்தான் முப்பதத் தாண்டினவர். 34 வயசு ஸ்டீவ் புரூஸ் எங்கயும் போகல, ஷ்மைக்கேல் போகல, அக்டோபர்ல தடை முடிஞ்சு கான்டொனா திரும்பி வந்தாரு. மேனேஜர் ஃபெர்கூசன் காலி பண்ணது நடு வயசுக்காரங்க இடத்த, அகாடமி பசங்க நிக்கி பட்டும் டேவிட் பெக்காமும் வந்து நின்னது அங்கதான். 

இன்னொண்ணு, பையன் நல்லா ஆடுறான்னு எல்லா மேட்ச்லயும் அவனையே ஓட விடுறது. ஸ்பெயின் பையன் பெட்ரி 2020-21ல பார்சிலோனா, யூரோ, ஒலிம்பிக்ஸ்னு எழுபது மேட்சுக்கு மேல ஆடினான், அப்போ அவனுக்கு 18 வயசு. அடுத்த சீசன் தொடைல காயம் மேல காயம். பக்கத்துல பாரத்தப் பங்கு போட ஒரு பெரியவர் இருக்கணும்னு நான் சொல்றது இதுக்காகவும்தான்.

சில சீனியர்ஸ் பெஞ்ச்ல உக்கார மாட்டேன்னு அடம் பிடிப்பாங்க, அது நடக்குது. அந்த மாதிரி ஆளுக்கு காண்ட்ராக்ட் நீட்டிக்கும் முன்னாடியே இத்தன மேட்ச்தான்னு மேனேஜர் முகத்துக்கு நேரா சொல்லணும், ஒத்து வரலனா விட்டுடணும்.

2024 இங்கிலாந்து லீக் கப் ஃபைனல்ல லிவர்பூலுக்குப் பாதி டீம் காயம். மேனேஜர் கிளாப் ஆள் தேடி வெளிய போகல, 19 வயசு பாபி கிளார்க், 19 வயசு மெக்கானல், 18 வயசு டான்ஸ்னு ஒவ்வொருத்தரா இறக்கினாரு, எதிர்ல கோடிக்கணக்குல கொட்டி வாங்கின செல்சி. 118வது நிமிஷம் கார்னர்ல எகிறி தலையால கோல் போட்டது 32 வயசு வான் டைக். அன்னிக்கு அந்த மூணு பேர் இடத்துல பேக்கப்புக்குன்னு வாங்கின மூணு பேர் பெஞ்ச்ல இருந்திருந்தா, பசங்க வீட்ல டிவில மேட்ச் பாத்துட்டு இருந்திருப்பாங்க.