பலூன் போட்ட கால்

மாரடைப்பில் இரத்த அழுத்தம் விழுந்தவருக்குத் தொடை நாடி வழியாகப் பெருநாடிப் பலூன் (இதயத்துக்கு உதவப் பெருநாடிக்குள் விரிந்து சுருங்கும் பலூன்) போட்டதும் எல்லோருடைய கண்ணும் மானிட்டருக்குப் போய்விடுகிறது. போர்வைக்குள் இருக்கும் காலை அடிக்கடி மறந்துவிடுகிறோம். இப்படி இதயத்துக்குத் துணையாகப் போடும் கருவிகளால் வரும் இரத்தக்குழாய்ச் சிக்கல்களில் பெரும்பங்கு அந்தக் காலில்தான் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். குழாயின் தடிப்பை அளக்கும் பிரெஞ்ச் அலகில் 3 பிரெஞ்ச் என்பது 1 மில்லிமீற்றர். பலூன் குழாய் 7.5 பிரெஞ்ச், அதாவது 2.5 மில்லிமீற்றர். இதயத்துக்குள் இருந்து இரத்தத்தை இறைக்கும் சிறு பம்பான இம்பெல்லா சிபியை நுழைக்கும் உறை 14 பிரெஞ்ச், உள்விட்டமே 4.7 மில்லிமீற்றர் வரும். இரத்தத்தை வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரத்தின் நாடிக் குழாய் 15 முதல் 19 பிரெஞ்ச் வரை. கொழுந்து பறித்தே மெலிந்துபோன, ஐந்தடிகூட எட்டாத அம்மாவின் தொடை நாடியில் அப்படியொன்றை இறக்கினால், பக்கத்தில் இரத்தம் போக இடமே இருக்காது. அதனால்தான் எக்மோ போடும்போதே பாதத்தை நோக்கி 6 முதல் 8 பிரெஞ்ச் அளவில் இன்னொரு குழாயையும் வைக்க வேண்டும் என்கிறோம். கால் வெளுத்த பிறகு வைக்கலாம் என்று காத்திருந்தால் பிந்திவிடும்.

பெண்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், புகைப்பவர்கள், கால் நாடி ஏற்கனவே அடைத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். கருவி உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அதைக் கூட்டுகிறது. அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நோர்அட்ரினலின் ஓடினால் சிறு நாடிகள் இன்னும் இறுகும். கால் நாடி அடைப்பைக் கண்டுபிடிக்க மலைநாட்டில் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: “மேட்டுல ஏறும்போது கெண்டைக்கால் புடிக்குதாம்மா? நின்னா விடுதா?” ஆம் என்றால் அந்தக் காலைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும். நோயாளி பேசும் நிலையில் இல்லாவிட்டால் கூட வந்தவர்களிடம் கேட்கலாம்.

குத்தும் இடம் தொடை எலும்புத் தலைக்கு நேராக இருக்க வேண்டும். மேலே போனால் இரத்தம் வயிற்றின் பின்புறம் தேங்கும். தொடையிடுக்கில் ஒன்றும் தெரியாது, முதுகு வலிக்கும், அழுத்தம் இறங்கும். கீழே போனால் சின்ன நாடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு பொய்க்குருதிவீக்கம் (நாடியில் இருந்து கசிந்த இரத்தம் பக்கத்தில் பைபோலத் தேங்கித் துடிப்பது) வரும். ஸ்கேன் பார்த்துக் குத்துவதற்கு ஆகும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

இனி காலைப் பார்ப்பது. குழாய் போடுமுன்பே இரண்டு பாதங்களிலும் நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் குறியிட வேண்டும். போட்ட பின் மணிக்கொரு தடவை சூடு, நிறம், நாடி, விரல் அசைவு, உணர்ச்சி. ஹட்டன், நுவரெலியாக் குளிரில் இரண்டு காலுமே சில்லிட்டிருக்கும். ஆகவே மறுகாலோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். வெறுங்காலில் நடந்து காய்த்த உள்ளங்காலில் வெளுப்புத் தெரியாது. நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். எக்மோவில் இதயத் துடிப்பு மங்கியிருப்பதால் விரலுக்கு நாடி அகப்படாமல் போகலாம், இரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் டொப்ளர் கருவி வேண்டும்.

“மிஸ்ஸி, காலு மதமதன்னு இருக்கு” என்று சொன்னால் அது உடனே வைத்தியருக்குப் போக வேண்டிய செய்தி. சிங்களத்தில் எழுதப்படும் குறிப்பில் அது வெறும் ‘வலி’ என்று சுருங்கிவிடக்கூடாது. வலி முதலில் வரும், மரப்பு பிறகு வரும். 6 மணி நேரத்துக்குள் இரத்தம் திரும்பாவிட்டால் தசை சாகத் தொடங்கும். கெண்டைக்கால் கல்லாக இறுகினால் உள்ளழுத்தத்தைக் குறைக்கத் தசையுறையைக் கீறித் திறக்க வேண்டிவரும்.

பலூனிலேயே இரண்டு சங்கதிகள். அதன் நுனி இடது கை நாடி பிரியும் இடத்துக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். இறங்கினால் சிறுநீரக நாடியை மறைக்கும், சிறுநீர் குறையும். பலூனை ஊதும் ஹீலிய வாயு போகும் குழாயில் பழுப்பு நிறத் துகள் (காய்ந்த இரத்தம்) தெரிந்தால் பலூன் கிழிந்துவிட்டது. உடனே நிறுத்தி, தாமதியாமல் வெளியே எடுக்க வேண்டும்.

எடுக்கும்போது பலூனை உறைக்குள் இழுக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். ஓரிரு துடிப்புக்கு இரத்தத்தைப் பீறிட விட்டால் ஒட்டியிருந்த இரத்தக் கட்டிகள் வெளியே வரும். பிறகு அரை மணி நேரம் கையால் அழுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்புங்கள்: “தொடையிடுக்குல துடிக்கிற கட்டி தெரிஞ்சா, அன்னைக்கே வந்துருங்கம்மா.”